பூஜ்யம் வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

ஜொகூரில் புதிதாக மீன்தொட்டி வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

தொட்டி வாங்கி, மணல் பரப்பி, பில்டரை ஓடவிட்டு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டில் உள்ளவர்களின் கிண்டலையும் பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது அமோனியா சோதனைக் குழாயில் பச்சை போய் மஞ்சள் நிற்கிறது. நைட்ரைட் குழாய் ஊதாவிலிருந்து வெளிர்நீலத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டும் பூஜ்யம். "சைக்கிள் முடிஞ்சிருச்சு" என்று அறிவித்துவிட்டு, சனிக்கிழமை மீன்கடைக்குக் கிளம்பத் தயாராகிறீர்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

எல்லோரும் சைக்கிள் ஓடும் வாரங்களை, அதாவது அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பில்டரில் குடியேறும் வாரங்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, புதுத் தொட்டிகள் கவிழ்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பூஜ்யம் வந்த தெம்பில் செய்யும் காரியங்கள்தான் மீனைக் கொல்கின்றன.

அமோனியா தொட்டிக்காரர்களின் தனிக் கவலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா ஏறியபோது, நம் மாநிலத்துக்குத் தண்ணீர் தரும் சுத்திகரிப்பு நிலையங்களும், அதே ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் சிங்கப்பூர் நீர் வாரியமான பி.யு.பி.யின் நிலையமும் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முந்தின மாதம்தான் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் களேபரத்தில் ஆற்று அமோனியாச் செய்தி பலருக்கு மறந்தே போயிருக்கும். இத்தனைக்கும் மலேசியக் குடிநீர்த் தரத்தில் அமோனியாவுக்கு உள்ள வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான். தண்ணீரில் அமோனியா இருந்தால் கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அதோடு ஒட்டிக்கொண்டு குளோரமீனாகிவிடும். 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் தேவைப்படும். நிலையத்தை மூடுவதே மேல் என்று பொறியாளர்கள் முடிவெடுப்பது அதனால்தான்.

இதே அளவுகோலை உங்கள் இரண்டடித் தொட்டிக்கு வைத்துப் பாருங்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். விளிம்புவரை நிரப்பினாலும் 54 லிட்டர்தான் பிடிக்கும். மணலையும் கல்லையும் கழித்தால் இன்னும் குறையும். சாதாரண மீன்தீனியில் 40 விழுக்காடு புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அந்த ஒரு கிராம் தின்னப்படாமல் மணலுக்குள் அழுகி முழுக்க அமோனியா ஆனால், லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். ஜொகூர் ஆற்றுக்குப் பூட்டுப் போட வைக்கும் வரம்பை நெருங்கும் அளவை உங்கள் வீட்டுச் சின்னப் பையன் இரண்டு விரலால் கிள்ளிப் போட்டுவிட முடியும். மீன் தின்றுவிட்டால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. தின்ற நைட்ரஜனில் பெரும்பகுதியை அது செவுள் வழியாக அமோனியாவாகவே வெளியே விடும்.

இதையெல்லாம் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களை 1890 வாக்கில் முதலில் பிரித்தெடுத்தவர் ரஷ்யாவின் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அமோனியாவை நைட்ரைட் ஆக்குவது நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. 1998-இல் திமத்தி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2015-இல் இன்னொரு திருப்பம். சில நைட்ரோஸ்பைராக்கள் இரண்டு வேலையையும் தாமே செய்து முடிக்கின்றன என்று தெரிய வந்தது. அவற்றில் ஒரு வகை அகப்பட்டதே மீன் வளர்க்கும் நீர்மறுசுழற்சி அமைப்பொன்றின் வடிகட்டியில்தான். இதை இங்கே சொல்லக் காரணம், கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா. சில பாட்டில்கள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வெயில் அடிக்கும் கண்ணாடி ஓரம் பல மாதம் நின்ற பாட்டிலுக்குள் எது உயிரோடு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நலமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குவது நூறு மடங்கு மேல். அவருடைய மீனுக்கு நோய் எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால், இவற்றுக்கு நல்ல சூழலிலும் அரை நாள், ஒரு நாள் பிடிக்கும். நீங்கள் எவ்வளவு அமோனியா கொடுத்தீர்களோ அதற்கேற்ற கூட்டம்தான் பில்டரில் குடியிருக்கும், அதற்கு மேல் இருக்காது. ஐம்பது இலைக்கு உலை வைத்த வீட்டில் இருநூறு பேர் வந்து இறங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் சனிக்கிழமை நீங்கள் பை பையாக மீன் கொண்டுவந்து கொட்டும்போது நடக்கிறது.

ஆகவே உங்கள் பூஜ்யம் எந்தப் பூஜ்யம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மீனே இல்லாமல் அமோனியாத் திரவம் ஊற்றிச் சைக்கிள் செய்தவரா? அப்படியானால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி ஊற்றி 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் மறைந்திருந்தால் உங்கள் பில்டர் கணிசமான கூட்டத்தைத் தாங்கும்; நினைத்த மீன்களில் பெரும்பங்கை ஒரே தடவையில் விடலாம். விடும் நாள்வரை அமோனியா கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மீன் விடுவதற்கு முன் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, ஏறிக் கிடக்கும் நைட்ரேட்டையும் இறக்கிவிட வேண்டும். அப்படியில்லாமல் நாலு கப்பியை விட்டு, அவற்றின் கழிவிலேயே சைக்கிளை முடித்தவரா? உங்கள் பூஜ்யம் அந்த நாலு கப்பிக்கான பூஜ்யம். ஐந்தாவது, ஆறாவதைச் சேர்க்கலாம். இரண்டு வாரம் விட்டு, சோதித்துப் பார்த்து, மறுபடி சில. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைதான். ஆனால் முதல் வகைக்காரர்கள் சொல்லும் தைரியத்தைக் கேட்டுவிட்டு மீன் வாங்குகிறோம்.

நைட்ரேட்டும் பூஜ்யம் காட்டுகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. நீர்ச்செடி அடர்ந்த தொட்டியில் அது நடக்கும். வெறுந்தொட்டியில் நடந்தால் சந்தேகப்படுங்கள். நைட்ரேட் சோதனையின் இரண்டாம் எண் குப்பியில் மருந்து அடியில் படிந்து கட்டிப்போகும். அதை மேசை விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்கி, சொட்டு விட்ட பிறகு குழாயை இன்னொரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். மஞ்சள் என்று நினைத்தது ஆரஞ்சாக நிற்கும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். வரவேற்பறை மஞ்சள் விளக்கில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

இனி நம் ஊர் விஷயம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே ஹீட்டர் வாங்குபவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஸ்கூடாய், மாசாய் தாமான் வீடுகளில் பிற்பகல் தொட்டித் தண்ணீர் தானாகவே 29, 30 பாகைக்குப் போய்விடும். அதில் நன்மையும் உண்டு, நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கெடுதல் என்னவென்றால், 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர் 30 பாகையில் ஏழரைதான் பிடிக்கும். மீனுக்கும் அது வேண்டும், பில்டர் நுண்ணுயிருக்கும் அது வேண்டும். 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. பில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மேற்பரப்பு நன்றாக அலையட்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் ஏர் பம்பை அணைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தொட்டியைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள், பம்பை விட்டுவிடுங்கள்.

வெப்பத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது நம் தண்ணீரின் மென்மை. மழை கொட்டும் நாட்டின் தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. நைட்ரஜனை மாற்றும் இந்த வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே நடக்கும்: 1 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், 7 மில்லிகிராம். உங்கள் தண்ணீரில் காரத்தன்மை 20 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால், நைட்ரேட் 12 ஏறுவதற்குள் அது தீர்ந்துபோகும். அதன்பின் பிஎச் 6-க்கும் கீழே சரியும், நுண்ணுயிர் சோர்ந்துவிடும், போன அமோனியா திரும்பி வரும். பூஜ்யம் வந்த ஆறாவது ஏழாவது வாரம் "ஒண்ணும் மாத்தல, ஆனா அமோனியா வருது" என்று புலம்புபவர்களில் பலருடைய கதை இதுதான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பிஎச் 6-இல் அமோனியா பெரும்பாலும் அமோனியமாகக் கட்டுண்டு கிடக்கும், மீனுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. 28 பாகையில், பிஎச் 7-இல், மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது. பிஎச் 8-இல் அதுவே ஆறேழு பங்காகிவிடும். சோதனைக் குழாய் பச்சை காட்டியதும் பதறிப்போய் முக்கால் தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் பிஎச் சட்டென ஏறும், மீதியிருக்கும் அமோனியா ஒரு மணி நேரத்துக்குள் பல்லைக் காட்டும். பிஎச்சையும் சேர்த்துச் சோதியுங்கள். சரிந்திருந்தால் நாளுக்குப் பத்துப் பதினைந்து விழுக்காடாக, சில நாள் மாற்றுங்கள். கைப்பிடி பவளக்கல் நொறுக்கலைச் சின்ன வலைப்பையில் கட்டி பில்டருக்குள் வைத்தால் கரைந்து கரைந்து ஈடுகட்டும். கப்பி, மோலி வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

நம் மண்ணின் மீன்களுக்கு மட்டும் பவளக்கல் வேண்டாம். சிவப்பு உடம்பில் கருப்பு முக்கோணம் போட்ட ஹார்லெக்குவின் ராஸ்போரா இந்தத் தீபகற்பத்து ஓடைகளின் மீன். அமிலம் கலந்த மென்னீர்தான் அதற்குச் சுகம். ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் கண்டெடுத்து 1986-இல் பெயர் சூட்டிய பெத்தா பெர்செஃபோன், தேநீர் நிறத் தண்ணீரில் வாழும் விரல்கணு அளவு மீன். ஜொகூரை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது, சதுப்பு அழிய அழிய அதுவும் அழிகிறது. அதைத் தேடிப்போய் வாங்காதீர்கள். அப்படி ஒன்று நம் மாநிலத்தில் இருப்பது தெரிந்திருந்தால் போதும். ராஸ்போரா வைப்பவர்கள் கெத்தாப்பாங் இலை ஒன்றிரண்டு போட்டு, செடி நிறைய நட்டு, மீனைக் குறைவாக வையுங்கள். அமிலத் தண்ணீரில் பில்டர் மெதுவாகத்தான் வேலை செய்யும், மிச்ச அமோனியாவைச் செடி உறிஞ்சிக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். குளோரின் அதில் போய்விடும், குளோரமீன் அவ்வளவு எளிதில் போகாது. இதனால் ஆண்டி குளோரின் ஊற்றுவதே பாதுகாப்பு. வாளியில் கலக்காமல் ரப்பர் குழாய் வைத்து நேராகத் தொட்டியில் தண்ணீர் விடுகிறவர்கள், மாற்றிய அளவுக்கு மட்டும் போதாது, முழுத் தொட்டிக் கணக்குக்கும் மருந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் மாற்றிய அன்று அமோனியா லேசாகத் தலைகாட்டினால், குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை தனியாகச் சோதியுங்கள். குளோரமீனை உடைத்தால் அதற்குள் இருந்த அமோனியா வெளியே வரத்தான் செய்யும். பில்டர் நலமாக இருந்தால் ஒரு நாளில் தின்றுவிடும். நீர் விநியோகத் தடை வந்து, திரும்பக் குழாய் திறந்ததும் கொட்டும் செந்தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொட்டியில் விடாதீர்கள். ஒரு பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பது நல்லது, மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஏடிஸ் கொசு வளர்த்ததாக வீட்டு வாசலில் அபராதத் தாள் வாங்கினால் மீன் வளர்ப்பு அத்தோடு முடிந்தது.

தீபாவளி நெருங்கினால் எனக்குப் பயம் வருவது பட்டாசுக்கு இல்லை. ஜன்னல் திரை முதல் மின்விசிறி வரை கழற்றிக் கழுவும் அந்த வாரத்தில், யாராவது ஒருவர் பில்டர் ஸ்பாஞ்சையும் எடுத்து, பாத்திரம் தேய்க்கும் குழாயடியில் வெள்ளை வெளேரென்று பிழிந்து வைத்துவிடுவார். ஒன்றரை மாத உழைப்பு குளோரின் தண்ணீரில் போய்விடும். அந்தப் பழுப்பு வழவழப்புதான் உங்கள் சைக்கிள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் பிடித்து, ஸ்பாஞ்சை அதில் நாலு முறை அமுக்கி விட்டால் போதும். வாளித் தண்ணீர் வரக்காப்பி நிறத்துக்கு வரும், ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும், இருக்க வேண்டும். பில்டர் அட்டையை மாதாமாதம் மாற்றச் சொல்லிப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். விற்பவருக்கு அது வியாபாரம். கிழியும்வரை மாற்ற வேண்டியதில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதியதைப் பழையதன் பக்கத்திலேயே ஒரு மாதம் ஓடவிட்டு அப்புறம் பழையதை எடுங்கள். கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசிக்கும் பயப்படாதீர்கள். புதுத் தொட்டிக்கு அது வரும், போகும். துணியால் துடைத்துவிட்டு, விளக்கை ஆறேழு மணி நேரத்துக்குமேல் எரிக்காமல் இருங்கள்.

மின்சாரம் போனால் மூடிய கேனிஸ்டர் பில்டருக்குத்தான் ஆபத்து முதலில். உள்ளே இருக்கும் நுண்ணுயிர் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். சில மணி நேரம் நின்றிருந்தால், மறுபடி ஓடவிடும் முன் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முட்டை நாற்றம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் நைட்ரைட் தலைகாட்டி, மீன் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால், தண்ணீர் மாற்றுவதோடு பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் ரத்தத்தைப் பழுப்பாக்கும்; உப்பிலுள்ள குளோரைடு அதே வாசலில் முந்திக்கொண்டு அதை உள்ளே விடாது. மருந்துக்கடைக்கு ஓடுமுன் அடுப்படிக்குப் போகலாம்.

"பாசி தின்னும், அழுக்கு தின்னும்" என்று கடையில் தள்ளிவிடும் பண்டாராயா மீனை மட்டும் வாங்காதீர்கள். கட்டைவிரல் அளவில் வரும், ஒரு அடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அதிகம் போடும். இடம் பற்றாமல் ஆற்றிலும் லோங்காங்கிலும் கொண்டுபோய் விட்டவர்கள் புண்ணியத்தால், சிலாங்கூரில் லங்காட் ஆற்றில் இறங்கி இந்த மீனை வாரி எடுப்பதற்கென்றே தன்னார்வலர் குழு உண்டாகிவிட்டது. வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு தராவிட்டாலும் பல கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாவம் பசிக்குமே என்று அவர்கள் கொட்டும் அன்பில் ஒரு கிராம் கணக்கு என்னாகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். வளர்ந்த மீனுக்கு நாலு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. குஞ்சுகள் இருந்தால் மட்டும், நாளுக்கு ஒரு சிட்டிகையாகத் தாளில் மடித்து, தேதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் தீனிக்கு முன்னால் சோதனைக் குழாயை எடுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் வழக்கத்தில் பாதித் தீனி போடுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் அதே மஞ்சள், அதே வெளிர்நீலம் என்றால், அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் இன்னும் நாலு மீன் வாங்கலாம். நாலுதான்.

அன்புடன்,
ஸ்கூடாயிலிருந்து ஒரு மீன்தொட்டிக்காரன்